தண்ணீர் குடிக்கச் சொல்வதற்கு முன்

பகல் முழுவதும் நின்று வேலை பார்த்துவிட்டு மாலையில் பரிசோதனைக்கு வருகிற பெண்களின் சிறுநீருக்கு ஒரு நிறம் உண்டு. மஞ்சள் என்று அதைச் சொல்ல முடியாது. மஞ்சளைத் தாண்டிப் பழுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அளவும் குறைவாகவே இருக்கும். புட்டியின் அடியில் கொஞ்சமாகத் தேங்கியிருப்பதை, "இவ்வளவுதான் வந்தது, போதுமா அக்கா?" என்று தயங்கிக்கொண்டே நீட்டுவார்கள்.

கோவில்பட்டியில் ஒரு சிறிய லேபில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். ரத்தம், சளி, சிறுநீர் என்று எல்லாம் வரும். ரத்தத்தின் உப்பையும் தண்ணீரையும் உடம்பு கடைசி வரை போராடிச் சரியாக வைத்துக்கொள்ளும். அதனால் ரத்தத்தைப் பார்த்து ஒருவர் எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று லேசில் சொல்லிவிட முடியாது. சிறுநீர் அப்படியல்ல. அன்றைய பகல் எப்படிப் போனது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடும்.

மாதிரியில் சோதனைப் பட்டையை ஒரு கணம் முக்கி எடுத்து, ஓரத்தைத் துடைத்துவிட்டு, டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் வண்ண அட்டவணையோடு ஒவ்வொரு கட்டமாக ஒத்துப் பார்ப்போம். சர்க்கரை, புரதம், ரத்தம், அமிலத்தன்மை என்று வரிசையாகப் போகும் கட்டங்களில் ஒன்று அடர்த்திக்கானது. வெறும் தண்ணீரின் அடர்த்தி 1.000. போதுமான அளவு குடிப்பவரின் சிறுநீர் பெரும்பாலும் 1.010, 1.015 என்று நிற்கும். கடைவீதியிலிருந்து வருகிற பெண்களுக்கு அட்டவணையின் கடைசி நிறமான 1.030 வருவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. காலையில் எழுந்தவுடன் எடுத்த மாதிரி அப்படி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரவெல்லாம் ஒன்றும் குடிக்காமல் தூங்கியிருக்கிறோம். மாலை ஐந்து மணிக்கு எடுத்த மாதிரியும் அப்படியே இருந்தால், பகலிலும் ஏறக்குறைய ஒன்றும் குடிக்கவில்லை என்றுதான் பொருள்.

"தண்ணீர் குடிப்பது குறைவோ?" என்று கேட்பேன். மறந்துவிட்டேன் என்று சொல்பவர்கள் மிகக் குறைவு. "குடித்தால் போக வேண்டி வருமே" என்பதுதான் திரும்பத் திரும்பக் கேட்கிற பதில்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் தன் கணக்கை எனக்கு விளக்கினாள். காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் காபி. எட்டு மணிக்கு இட்லியோடு அரை டம்ளர் தண்ணீர், அதுவும் தொண்டையில் இறங்குவதற்கு மட்டும். பஸ் பிடித்துக் கடைக்கு வந்து ஒன்பதரைக்கு நின்றால் மதியம் சாப்பாட்டு நேரம் வரை நகர முடியாது. கழிப்பறை மொட்டை மாடியில் இருக்கிறது. மூன்று தளம் ஏற வேண்டும், அதற்கு முன் தளப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும், அவர் ஆண். திரும்பி வர நேரமானால் எல்லோர் முன்னிலையிலும் ஒரு வார்த்தை விழும். பண்டிகைக் காலத்தில் கேட்கவே முடியாது. அதனால் மதியம் ஒரே ஒரு முறை போவாள். அந்த ஒரு முறைக்குத் தக்கபடிதான் குடிப்பாள். பையில் தண்ணீர்ப் புட்டி இருக்கிறது, தாகமும் இருக்கிறது. குடிக்காமல் இருப்பது அவள் தினமும் யோசித்துச் செய்கிற வேலை.

நாளுக்கு இத்தனை டம்ளர் தண்ணீர் குடியுங்கள், உற்சாகமாக இருப்பீர்கள் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் நல்ல அறிவுரைதான். ஆனால் அவை அத்தனையும், குடிக்கிறவருக்குப் பத்தடி தூரத்தில் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் எழுதப்படுகின்றன. எங்கள் லேபுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கதவு இல்லை. ஆகவே தண்ணீரைப் பற்றி நான் பேச வேண்டுமானால் கழிப்பறையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குடிக்காமலும் அடக்கியும் இருப்பதால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்தப் பெண்களுக்குச் சொல்வது போலவே இங்கேயும் சொல்கிறேன். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே அனுப்புகின்றன. தண்ணீர் குறைந்து ரத்தத்தின் அடர்த்தி கூடினால், ஒன்று இரண்டு சதவீதம் கூடும்போதே மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் கண்டுகொள்கிறது. வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இனி தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போகிறது. தாகமும் எழுகிறது. எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் கழிவுகளைக் கரைத்து வெளியேற்ற நாளுக்கு அரை லிட்டர் சிறுநீராவது தேவை. அந்த அரை லிட்டருக்குள் எல்லாக் கழிவையும் அடைத்து அனுப்புவதால்தான் அந்தப் பழுப்பு நிறம், அந்த 1.030.

இப்படி ஒரு நாள், இரண்டு நாள் இருந்தால் உடம்பு தாங்கிக்கொள்ளும். வருடக்கணக்கில் வாரத்துக்கு ஆறு நாள் என்று போகும்போது ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கும்.

முதலில் வருவது களைப்பு. இதை யாரும் தண்ணீரோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. "ரத்தம் குறைந்துவிட்டதோ, தைராய்டோ, பார்த்துச் சொல்லுங்கள்" என்று பரிசோதனைக்கு வருவார்கள். சிலருக்கு உண்மையிலேயே ரத்தசோகை இருக்கும். பலருக்கு ஹீமோகுளோபின் சரியாகவே இருக்கும். தைராய்டும் சரியாக இருக்கும். ஆனால் மூன்று மணிக்கு மேல் தலை கனக்கிறது, துணியை எடுத்து விரித்துக் காட்டக் கை எழவில்லை, வாடிக்கையாளர் விலை கேட்டால் எரிச்சல் வருகிறது என்பார்கள்.

2012-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தினர் 25 இளம் பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு இதற்கு அப்படியே பொருந்துகிறது. உடல் எடையில் 1.36 சதவீதம் மட்டும் தண்ணீர் குறையும்படி செய்து பார்த்தார்கள். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது எண்ணூறு மில்லிதான். அந்தச் சிறிய குறைவிலேயே தலைவலி வந்தது, மனநிலை கெட்டது, கவனம் செலுத்துவது சிரமமாக இருந்தது, கொடுத்த வேலை கடினமாகத் தோன்றியது. ஆனால் அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் பெரும்பாலும் பின்தங்கவில்லை. எனக்கு இந்த இரண்டாவது பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. வேலை நடந்துவிடுகிறது. மேற்பார்வையாளருக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. அதே வேலையைச் செய்ய அந்தப் பெண் தன்னிடமிருந்து கூடுதலாக எதையோ பிடுங்கிக் கொடுக்கிறாள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தத் தலைவலிக்கு அவர்கள் எடுக்கும் மருந்துதான் என்னை அதிகமாகக் கவலைப்படுத்துகிறது. மெடிக்கலில் கேட்டு ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக் கூடியவை. நன்றாகத் தண்ணீர் குடித்திருக்கும் ஆரோக்கியமான ஒருவருக்கு எப்போதாவது ஒரு மாத்திரையால் பெரிய தீங்கு வந்துவிடாது. தண்ணீர் வற்றிய உடம்பில், வெயிலில், அடிக்கடி போட்டால் சிறுநீரகம் அடிபடும். தலைவலிக்குத் தேவைப்பட்டது ஒரு செம்புத் தண்ணீரும் பத்து நிமிட ஓய்வும். கிடைத்தது அந்த மாத்திரை.

அடுத்தது நீர்க்கடுப்பு. எங்கள் பக்கத்தில் இதைச் சூடு என்பார்கள். "சூடு பிடித்துவிட்டது" என்று சொன்னால் பெண்களுக்குள் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடிப்பார்கள். இளநீர் வாங்கிக் குடிப்பார்கள். இளநீரும் மோரும் சிறுநீரைக் கூட்டி எரிச்சலைத் தணிக்கும். வீட்டுப் பெரியவர்கள் அதை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது சீழ் அணுக்கள் குவிந்து கிடந்தால், அங்கே இருப்பது கிருமித் தொற்று. பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. பெண்களின் சிறுநீர்க் குழாய் நான்கு சென்டிமீட்டர் அளவே நீளமுள்ளது; ஆண்களுக்கு அது இருபது சென்டிமீட்டர் வரை இருக்கும். அவ்வளவு குறுகிய வழியில் ஏறிவரும் கிருமியை வெளியே தள்ள, அடிக்கடி சிறுநீர் கழிப்பதுதான் உடம்புக்குள்ள எளிய காப்பு. அதைத்தான் நாம் பூட்டி வைக்கிறோம்.

இதற்கு நல்ல சான்று இருக்கிறது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிற, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். ஒரு பிரிவினர் வழக்கமாகக் குடிப்பதோடு தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஆண்டு முடிவில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்திருந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. 2018-ல் வெளியான முடிவு இது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. வெறும் தண்ணீரால் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிட ஆற்றாமைதான் மிகுந்தது. கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடிப்பவர் கூடுதலாகச் சில முறை எழுந்து போக வேண்டும். மொட்டை மாடிக்கு, மூன்று தளம் ஏறி.

சிறுநீரகக் கல்லும் அப்படித்தான். அடர்ந்த சிறுநீரைச் சுழற்றி, அடியில் படிந்ததை ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால், கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நான்கு மூலையும் மடித்து ஒட்டிய தபால் உறைகளைப் போலப் பளிச்சென்று கிடக்கும். அவை இருந்தாலே கல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் கல் வந்தவருக்கு அது திரும்ப வராமல் தடுக்க மருத்துவர்கள் முதலில் சொல்வது, நாளுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடியுங்கள் என்பதைத்தான். இத்தாலியில் முதல் முறை கல் வந்த 199 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்து 1996-ல் எழுதினார்கள்: தண்ணீரைக் கூட்டியவர்களில் 12 சதவீதத்தினருக்கு மீண்டும் கல் வந்தது, கூட்டாதவர்களில் 27 சதவீதத்தினருக்கு. வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் ஏராளம். தாராளமாகக் குடிக்கலாம், அதோடு தண்ணீரும் வேண்டும்.

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பஸ் பயணம். நகரத்தை நெருங்கினால் உப்பளங்கள் தெரியும். ஜவுளிக்கடைக்காவது கூரையும் மின்விசிறியும் உண்டு. உப்பளத்தில் மேலேயும் வெயில், கீழே பாத்தியிலிருந்து எழும்புவதும் வெயில். கண் கூசும் வெள்ளைக்கு நடுவில் பெண்கள் பலகையால் உப்பை வாரிச் சேர்ப்பதும் தலையில் சுமந்து கொட்டுவதும் விடியும் முன்பே தொடங்கிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரை. ஒரு மரம் இல்லை, ஒரு மறைவு இல்லை. அங்கே ஒரு பெண் எங்கே ஒதுங்குவாள்? வீட்டிலிருந்து கொண்டுபோன பிளாஸ்டிக் கேன் தண்ணீர் பத்து மணிக்குள் கொதித்துப் போகும். அதைக் குடித்தாலும் சிக்கல், குடிக்காவிட்டாலும் சிக்கல்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு ஏழு பேரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. எந்த நோயும் தெரியாமல் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இது உப்பளத்தோடு நிற்கவில்லை. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களிலும், சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் பழுதாவது நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. அங்கெல்லாம் நிலத்தடி நீரிலிருந்து பூச்சிக்கொல்லி வரை பல காரணங்களை ஆராய்கிறார்கள். நிகராகுவா, எல் சால்வடார் கரும்பு வயல்களில் இளம் ஆண்கள் இதனால் கூட்டமாக மடிந்தார்கள். கடும் வெப்பத்தில் இடைவிடாத உழைப்பும், திரும்பத் திரும்ப உடம்பு வற்றுவதும் அங்கே முக்கியக் காரணங்களாகப் பார்க்கப்படுகின்றன.

அந்த நாடுகளில் மாற்றம் கொண்டுவந்தது எப்படி என்பதைக் கவனிக்க வேண்டும். கரும்பு வெட்டுகிறவனிடம் நிறையத் தண்ணீர் குடி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றையும் வேலையின் பகுதியாக்கினார்கள். நகர்த்தக்கூடிய நிழற்கூடாரங்கள் வந்தன. இடைவேளை கட்டாயமானது. தண்ணீரும் உப்புச் சத்துள்ள பானமும் வெட்டுகிற இடத்துக்கே வந்தன. சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. குடிக்கும் பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் மட்டும் போடாமல் வேலை கொடுக்கிறவரும் ஏற்றுக்கொண்டதால் வந்த பலன் அது.

நம் பக்கத்திலும் இது தெரியாத சங்கதி அல்ல. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வரும் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 18-வது பிரிவு குடிநீரைப் பற்றியது. தண்ணீர் வைக்கும் இடத்தில் அது குடிநீர் என்று தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் எழுதியிருக்க வேண்டும். 250 பேருக்கு மேல் வேலை பார்த்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அதற்கு அடுத்ததாகவே, 19-வது பிரிவு கழிப்பறையைப் பற்றியது. பெண்களுக்குத் தனியாக, மறைவாக வேண்டும் என்றது. எழுதியவர்களுக்கு இரண்டும் சேர்ந்தது என்று தெரிந்திருக்கிறது. நடைமுறையில்தான் பதினெட்டுக்கு ஒரு குடிநீர்க் கேனை வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம்.

கோழிக்கோட்டில் இதற்காகப் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அங்கே தையல் வேலை பார்த்த விஜி 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கிப் போராடினார். கழிப்பறைக்காகத் தொடங்கிய போராட்டம், வேலை நேரத்தில் உட்காரும் உரிமைக்காகவும் விரிந்தது. 2018-ல் கேரளம் அந்த உரிமையைச் சட்டமாக்கியது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. எங்கள் ஊரிலும் சில கடைகளில் கவுன்ட்டருக்குப் பின்னால் முக்காலி வந்திருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. மாடிப்படி மட்டும் அப்படியே இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு 2019-ல் கேரளத்தில் தண்ணீர் மணி அடிக்கத் தொடங்கினார்கள். 2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் அது வந்தது. பாடத்தின் நடுவே மணி அடித்தால் உட்கார்ந்த இடத்திலேயே எல்லோரும் குடிக்க வேண்டும். மிக நல்ல ஏற்பாடு. குடிக்க மறந்துபோகும் பிள்ளைக்கு அது போதும். ஆனால் காய்ச்சலோடு எங்களிடம் வந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமியின் அம்மா, "காலையில் நிரப்பிக் கொடுத்த புட்டி சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது" என்று சலித்துக்கொண்டபோது, பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா வெளியே போன பிறகு சொன்னாள்: பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது, தோழி ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மாதவிலக்கு நாட்களில் அதுவும் முடியாது. ஒரு தாழ்ப்பாள் என்ன விலை இருக்கும்? பெற்றோர் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் மதிப்பெண் பட்டியலை வாங்குவதற்கு முன் மாணவியர் கழிப்பறையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வர வேண்டும் என்று நான் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

வீட்டிலும் இதே கதை வேறு உருவத்தில் நடக்கிறது. வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்கிவிடும். உடம்பு வற்றியிருந்தாலும் நாக்கு கேட்காது. அதற்கு மேல் எங்கள் ஆச்சிகளுக்கு மூட்டுவலி. இரவில் எழுந்து கொல்லைப்புறம் போவதற்குப் பயந்து மாலையிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தக் கொதிப்புக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை போடுகிறவர்கள் என்றால் இன்னும் மோசம். திடீரென்று குழப்பமாகப் பேசுகிறார், தலைசுற்றிக் கீழே விழுந்துவிட்டார் என்று அழைத்து வருகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் இதற்குத் தீர்வு கடினமில்லை. பகலிலேயே, மாலை ஆறு மணிக்குள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடலாம். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு சின்ன விளக்கு, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி. அதைச் செய்யாமல், "ஆச்சி தண்ணீரே குடிப்பதில்லை" என்று குறை சொல்லிப் பயனில்லை.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னால் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது; எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. எட்டு டம்ளர் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1945-ல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் என்று சொன்னதைப் பலரும் காட்டுகிறார்கள். அதன் தொடர்ச்சியாகவே, இதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் அந்த வாரியம் எழுதியிருந்தது. அந்த வரி உலகம் சுற்றி வரவில்லை. 2002-ல் ஹைன்ஸ் வால்டின் என்ற, சிறுநீரக ஆய்வில் தேர்ந்த உடலியங்கியல் பேராசிரியர் தேடிப் பார்த்துவிட்டு, எட்டு டம்ளருக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று எழுதினார். 2022-ல் 23 நாடுகளைச் சேர்ந்த 5,604 பேரை அளந்த பெரிய ஆய்வொன்று, வயது, உடலுழைப்பு, ஊரின் வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்துத் தேவை பெரிதும் மாறுகிறது என்று காட்டியது. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கரிசல் காட்டில் களை எடுப்பவருக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்?

சோற்றில் எடைக்கு ஏறக்குறைய எழுபது சதவீதம் தண்ணீர்தான். ரசம், குழம்பு, நீராகாரம், தர்ப்பூசணி, வெள்ளரி எல்லாம் கணக்கில் சேரும். டீயும் சேரும், வழக்கமான அளவில் குடித்தால் டீயோ காபியோ உடம்பை வற்றவைப்பதில்லை. வெயிலில் வியர்த்து உழைப்பவர்களுக்கு உப்பும் சேர்ந்து போகிறது. அவர்களுக்கு உப்புப் போட்ட நீர்மோர், வெறும் தண்ணீரைவிட நல்லது. வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலை தட்டி அளந்து கரைத்துக் கொடுக்க வேண்டும். சர்க்கரையிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸ் கூடவே இருந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் விரைவாக உள்ளே இழுக்கும். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில், மேற்கு வங்க எல்லையோர போன்காவ் என்ற ஊரில், திலீப் மஹலனபிஸ் என்ற மருத்துவர் இதைப் போன்ற கரைசலை வாளி வாளியாகக் கலக்கிக் கொடுத்துக் காலராவிலிருந்து மக்களைக் காப்பாற்றினார்.

நிறத்தைப் பார்ப்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்கிற வழி. வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்று பளீரென்ற மஞ்சளாகப் போகும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், அந்த மாத்திரையிலுள்ள ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் செய்கிற வேலை அது. நாள் முழுவதும் நிறமே இல்லாமல் போனால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள் என்று பொருள். ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் சரிந்து உயிருக்கே உலை வைக்கும். 2002-ல் பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. இதய பலவீனம் உள்ளவர்களும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவர்களுக்குக் கூடுதலாக ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி கடை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தரைத்தளத்தில் ஒரு கழிப்பறை கட்ட இடமில்லை என்றால் பக்கத்துக் கடைகளோடு சேர்ந்து ஒன்று கட்டலாம். கட்டும் வரை, கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற வழக்கத்தையாவது எடுத்துவிடலாம். அதற்கு ஒரு செங்கல்கூடத் தேவையில்லை. எங்கள் கடைவீதியில் ஒருவர் அதைச் செய்தார். பெண்கள் இருவர் இருவராக மாற்றி மாற்றி, யாரிடமும் சொல்லாமல் போய் வரலாம் என்று அறிவித்தார். விற்பனை குறையவில்லை என்று அவரே சொன்னார். அந்தக் கடைப் பெண்களின் கைப்பைகளில் இப்போது தண்ணீர்ப் புட்டிகள் காலியாக இருக்கின்றன.

நீர்க்கடுப்பு வந்துவிட்டவர்கள் ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள். மெடிக்கலில் கேட்டு இரண்டு மூன்று ஆன்ட்டிபயாட்டிக் மாத்திரைகளைப் போட்டுவிட்டு, கேட்காத பிறகு எங்களிடம் வருகிறீர்கள். அப்போது கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, வைத்தாலும் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்று மருத்துவருக்குத் தெரியாமல் போய்விடும். முதல் மாத்திரைக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, மாதிரி கொடுத்துவிடுங்கள். முதலில் வருவதைக் கழித்துவிட்டு நடுவில் வருவதை, லேபில் தருகிற சுத்தமான புட்டியில் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். குளிரோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, சிறுநீரில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், மாலை வரை காத்திருக்காமல் அன்று காலையிலேயே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.